தலையில் அடிபட்ட பிறகு ட்யூப்லைட்டும் மிக்ஸியும் எதிரியாகிவிட்டால்...

கேள்வி: என் கணவருக்கு வயது 41. மூன்று மாதத்துக்கு முன் நாய் குறுக்கே வந்து பைக்கிலிருந்து விழுந்துவிட்டார். ஹெல்மெட் போட்டிருந்தார். இரண்டு நிமிடம் நினைவில்லை. ஸ்கேன் நார்மல் என்றார்கள். இப்போது ட்யூப்லைட் போட்டால் கண்ணை மூடிக்கொள்கிறார், மிக்ஸி ஓடினால் காதைப் பொத்துகிறார். பகலெல்லாம் ஜன்னலைச் சாத்தி, கூலிங் கிளாஸும் காதில் பஞ்சுமாகப் படுத்திருக்கிறார். அவருடைய அண்ணன், "ஸ்கேன்லதான் ஒண்ணும் இல்லையே, வேலைக்குப் போகச் சொல்லு" என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவு, எலும்பு முறிவு, பெரிய வீக்கம் இவற்றைக் காட்டும். விழுந்த வேகத்தில் மூளை குலுங்கி நுண்ணிய நரம்பு இழைகள் இழுபட்டிருந்தால் பெரும்பாலும் அதில் தெரியாது. அவசரமாக ஆபரேஷன் செய்யும்படி எதுவும் இல்லை என்பதற்குத்தான் 'நார்மல்' என்கிறார்கள். உங்கள் கணவர் நடிக்கவில்லை.

கூடத்தில் உட்கார்ந்து பேசும்போது தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிறது, தெருவில் ஹாரன், பக்கத்து வீட்டில் சீரியல். நமக்கு எதுவும் காதில் ஏறுவதில்லை, மூளை வடிகட்டிவிடுகிறது. அடிபட்ட பிறகு அந்த வடிகட்டி தளர்ந்துபோகிறது. வெளிச்சத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு. விழித்திரையில் ஒரு வகை செல்களுக்கு வெளிச்சம் எவ்வளவு என்று அளப்பதுதான் முக்கிய வேலை. 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளி பட்டால் அவை அதிகம் தூண்டப்படும். அவற்றின் இணைப்பு தலைவலியை உணர்த்தும் நரம்புப் பாதை வரை போகிறது. வெள்ளை எல்.இ.டி. படுத்தும் பாட்டை மஞ்சள் விளக்கு படுத்தாததற்கு இது ஒரு காரணம்.

சரி, இருட்டறைக்கு வருவோம். மேட்னி ஷோ முடிந்து தியேட்டர் கதவைத் திறந்ததும் வெயில் கண்ணைக் குத்துமே, அவருடைய கண் மூன்று மாதமாக அந்தத் தியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. காதும் அப்படித்தான். உள்ளே வரும் சத்தம் குறைந்தால் மூளை தன் வால்யூமைத் தானே கூட்டிக்கொள்ளும். நல்ல காது உள்ளவர்களை இரண்டு வாரம் காதடைப்பான் போட வைத்துப் பார்த்த ஆய்விலேயே, அதன் பிறகு சாதாரணச் சத்தம் அவர்களுக்குப் பெரிதாகக் கேட்டது. அவரைக் குறை சொல்லவில்லை. வலித்தால் யாரும் ஒளியத்தான் செய்வார்கள். 'இருட்டில் படுக்க வையுங்கள்' என்று மருத்துவர்களாகிய நாங்களே சொன்ன காலமும் உண்டு. இப்போது, முதல் 24 முதல் 48 மணி நேரம் அளவான ஓய்வு, அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவது என்றுதான் சொல்கிறோம்.

நாளைக் காலையே எல்லாவற்றையும் கழற்றச் சொல்லாதீர்கள். திரையை ஒரு சாண் விலக்குங்கள், நாலைந்து நாள் கழித்து இன்னொரு சாண். கூலிங் கிளாஸ் வெளியே வெயிலுக்கு மட்டும். வீட்டுக்குள் கிரிக்கெட் தொப்பி போதும், மேலிருந்து வரும் வெளிச்சத்தை அதன் விளிம்பு மறைத்துவிடும். அதுவும் தாங்கவில்லை என்றால் எஃப்.எல்.-41 என்ற ரோஸ் நிறக் கண்ணாடி பற்றிக் கண் மருத்துவரிடம் கேளுங்கள்.

விளக்கையும் பாருங்கள். பழைய சோக் வைத்த ட்யூப்லைட் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, அவருடைய தலைக்குத் தெரியும். மலிவான எல்.இ.டி. பல்புகளிலும் இந்தக் கோளாறு உண்டு. செல்போன் கேமராவை ஸ்லோமோஷனில் வைத்துப் பாருங்கள். பட்டை பட்டையாக ஓடினாலோ வெளிச்சம் துடித்தாலோ அந்த பல்பை மாற்றி, துடிக்காத வார்ம் ஒயிட் (இளமஞ்சள்) பல்பு போடுங்கள். அப்புறம், ஃபேன் இறக்கைக்கு மேலே விளக்கு இருந்தால் அறை முழுக்க நிழல் சுற்றும். பலர் கவனிப்பதே இல்லை.

சத்தத்தில், எதிர்பாராமல் வருவதுதான் அதிகம் கொல்லும். "மிக்ஸி போடப்போறேங்க" என்று சொல்லி, அவர் தலையாட்டிய பிறகு சுவிட்சைப் போடுங்கள். குக்கர் விசிலுக்கு முன்னறிவிப்பு கிடையாது, எனவே கொஞ்ச நாளைக்குச் சோற்றை வடித்துவிடுங்கள். பஞ்சை எடுத்துவிடலாம். அறையில் ஃபேன் ஓசையோ சன்னமான ரேடியோவோ இருக்கட்டும்; முழு நிசப்தம் உதவாது. கல்யாணத்துக்குப் போயே ஆகவேண்டுமா? சத்தத்தைச் சீராகக் குறைக்கும் ஃபில்டர் காதடைப்பான் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரை விட்டுத் தள்ளிப் பின்வரிசையில் உட்கார்ந்து, கெட்டிமேளத்துக்கு முன் வாசலுக்கு வந்துவிட்டு, முதல் பந்தியிலேயே சாப்பிட்டுக் கிளம்பட்டும். வெளியே வந்ததும் காதடைப்பானைக் கழற்றிவிட வேண்டும்.

எவ்வளவு தாங்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. தொந்தரவுக்கு 0 முதல் 10 வரை மார்க் போடச் சொல்லுங்கள். இரண்டு மார்க் வரை ஏறி ஒரு மணி நேரத்துக்குள் இறங்கினால் பயமில்லை, மறுநாளும் அதையே செய்யலாம். அதற்கு மேல் ஏறினாலோ மறுநாள் வரை நீடித்தாலோ அளவைக் குறையுங்கள்.

மூன்று மாதம் ஆகிவிட்டதால் மறுபடி ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. இந்தக் கூச்சம் பல சமயம் ஒற்றைத் தலைவலி மாதிரியான வலியோடு சேர்ந்து வருவது. அதற்கு மருந்து இருக்கிறது. வலி மாத்திரை மாதத்தில் 15 நாள், அதற்கு மேல் என்று மாதக்கணக்கில் போனால் மாத்திரையே தலைவலியைத் தரும். வீட்டில் எத்தனை அட்டை காலியாகியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கண் பரிசோதனையில் பார்வை அளவோடு நிறுத்தாமல், கிட்டத்தில் படிக்கும்போது இரண்டு கண்ணும் சேர்ந்து குவிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். காதுக்கு ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்.

தலைவலி நாளுக்கு நாள் கூடுவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம், ஒரு கை கால் பலவீனம், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு: இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

வேலைக்கு அரை நாளாகத் தொடங்கலாம், அதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு. பைக் சாவியை மட்டும் இப்போதைக்கு நீங்களே வைத்திருங்கள். எதிரே வரும் லாரியின் ஹெட்லைட்டுக்கு அவர் கண்ணை மூடிக்கொள்வார். தினமும் கொண்டுபோய் விட அண்ணன் வரட்டும்.