மரைக்கு மொய் எழுதியவர்கள்

கேள்வி: கோவையில் தனியாளாக லேத் பட்டறை நடத்துகிறேன். ஃப்ரீகேடில் (இலவச 3டி வரைபட மென்பொருள்) மரை வரைந்து தரும் ஸ்கிரிப்டை 1,800 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன். பெயரை மாற்றிய இதே சரக்கு ஃப்ரீகேடுக்குள்ளேயே, கூடுதல் கருவிகளைச் சேர்க்கும் ஆட்-ஆன் மேனேஜரில் சும்மாவே கிடக்கிறது என்கிறான் மச்சான். பணம் திரும்புமா?

பதில்: அங்கே ‘ஃபாஸ்னர்ஸ்’ என்ற ஆட்-ஆன் இலவசம்தான். போல்ட், நட்டு எல்லாம் அளவோடு வரும், கேட்டால் மரையையும் வெட்டிக் காட்டும். இப்படி நிரலை எல்லோருக்கும் திறந்து வைத்த திறந்தமூல சரக்கை விற்பதை உரிமம் தடுப்பதில்லை. ‘நானே எழுதியது’ என்று விற்றிருந்தால் அது ஏமாற்று. விளம்பரத்தை இன்றே படம்பிடித்து வையுங்கள், நாளைக்கு இருக்காது. விற்றவருக்கு எழுதுங்கள், வாய் திறக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ‘தொழிலுக்கு வாங்கினாய், நீ நுகர்வோரே இல்லை’ என்று மிரட்டுவார்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் நுகர்வோர்தான் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வழக்குப் போட 2 ஆண்டு இருக்கிறது. உங்கள் மேல் தப்பே இல்லை.

கேள்வி: வரைபடத்தில் 200 போல்ட்டுக்கும் ஸ்கிரிப்டில் மரை வெட்டினேன். கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. எந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம்?

பதில்: எதுவும் வேண்டாம். மரையை அழியுங்கள். போல்ட்டைக் கடையில்தானே வாங்கப்போகிறீர்கள்! ஓட்டைக்கு ‘எம்8’ (8 மி.மீ. மரை) என்று எழுதினால் பட்டறைக்காரர் 6.8 மி.மீ. டிரில் போட்டு, மரை வெட்டும் டேப் அடித்துக்கொள்வார்.

கேள்வி: குழாய்க்கு அரை இஞ்ச் கனெக்டர். ஸ்கிரிப்டில் விட்டம் 12.7 மி.மீ. கொடுத்தேன், தொளதொளவென்று நிற்கிறது. விற்றவர் மேல் புகார் கொடுக்கலாமா?

பதில்: கொடுங்கள், சிரிப்பார். ‘அரை இஞ்ச்’ என்பது குழாயின் பேர். மரையின் வெளிவிட்டம் 20.955 மி.மீ. காலிப்பரை ஒரு தரம் வைத்துப் பார்க்கக் கூடாதா? அத்தோடு முடியவில்லை. நம் ஊர்க் குழாய் மரை பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் வகை, மரைப் பள்ளத்தின் கோணம் 55 டிகிரி. அமெரிக்கக் குழாய் மரை என்.பி.டி. 60 டிகிரி. அரை இஞ்சில் இரண்டுக்குமே இஞ்சுக்கு 14 மரை. அதனால்தான் மாற்றிப் போட்டாலும் முதல் சில சுற்று சமர்த்தாக ஏறும், பிறகு இறுகும். டெஃப்லான் டேப்பை எத்தனை சுற்றினாலும் சொட்டும். கடைக்காரர்கள் ‘1/2 இஞ்ச்’ என்று மொட்டையாக எழுதி விற்கிறார்கள், நாமும் கேட்காமல் வாங்குகிறோம். ஸ்கிரிப்டோ கனெக்டரோ, எந்த மரை என்று எழுதாத சரக்கைத் தொடாதீர்கள்.

கேள்வி: 3டி பிரிண்ட் நட்டு போல்ட்டில் ஏறவில்லை. விலை கூடின ஸ்கிரிப்ட் வாங்கட்டுமா?

பதில்: நான் வாங்கினேன், 2,400 ரூபாய். எம்20 நட்டு அரைச் சுற்றில் நின்றது. ஸ்பானர் போட்டுத் திருகினேன், பிளந்தது. அளவெல்லாம் அச்சு அசல், ஆனால் நட்டு மரைக்கும் போல்ட் மரைக்கும் நடுவே இடைவெளி விட அதில் வழியே இல்லை. ஃப்ரீகேடின் அடுத்த அப்டேட்டில் ஸ்கிரிப்டும் செத்தது. நட்டின் விட்டத்தில் 0.4 மி.மீ. கூட்டி, முதலில் மரை வைத்த ஒரு சின்ன வளையம் மட்டும் அடித்துப் பாருங்கள்.