ரவிக்கைக் கை ஏற மாட்டேங்குது, "அதான் எல்லாம் முடிஞ்சிடுச்சே"ங்கறாங்க

வணக்கம் மேடம்,

பேர் போட வேண்டாம், சிங்கப்பூர் ஈசூன்ல இருந்துன்னு மட்டும் போட்டுக்குங்க. எனக்கு 48 வயசு. வீட்டுக்காரர் துறைமுகத்துல ஷிப்ட் வேலை, பையன் என்எஸ்ல (தேசிய சேவை) இருக்கான், பொண்ணு படிக்குது, மாமியாரும் எங்ககூடத்தான் இருக்காங்க.

போன வாரம் நடந்ததைச் சொன்னாத்தான் நான் ஏன் எழுதறேன்னு உங்களுக்குப் புரியும். கொழுந்தனார் பையனுக்கு அடுத்த மாசம் கல்யாணம். கட்டலாம்னு ஒரு பட்டுப்புடவை எடுத்து வச்சு, அதோட ரவிக்கையைப் போட்டுப் பார்த்தேன். வலது கை உள்ள போயிடுச்சு, இடது கை முழங்கைக்கு மேல ஏறவே இல்ல. இழுத்து இழுத்துப் பார்த்ததுல தையல் விட்டுப்போச்சு. அப்படியே கட்டில்ல உக்காந்து அழுதேன் மேடம், ஆபரேஷன் அன்னிக்குக்கூட நான் அப்படி அழல. மாமியார் கதவுகிட்ட நின்னு பார்த்துட்டு "உயிரே திரும்பக் கிடைச்சிருக்கு, ஒரு ரவிக்கைக்கா இப்படி அழற"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி குளிக்கும்போது இடது மார்புல கட்டி தட்டுப்பட்டுச்சு. ரெண்டாவது ஸ்டேஜ்னாங்க. மார்பை முழுசா எடுத்துட்டு அக்குள்ல இருந்த நெறிக்கட்டியெல்லாம் எடுத்தாங்க, அதுல மூணுல கேன்சர் இருந்துச்சாம். ஆபரேஷன் நல்லாத்தான் நடந்துச்சு, எனக்கு அதுக்கப்புறம்தான் எல்லாமே. ட்யூப் பாட்டிலோட வீட்டுக்கு வந்தேன், அதை எடுத்த மூணாம் நாளே தையலுக்குக் கீழ தண்ணி கட்டிப் பை மாதிரி தொங்குச்சு, ஊசி போட்டு நாலு தடவை எடுத்தாங்க. அப்புறம் சீழ் வச்சு, தையலைத் திறந்து விட்டுட்டாங்க, அந்தக் குழிக்குள்ள தினமும் துணி வச்சு அடைச்சு மருந்து கட்டணும், ஆறு வாரம் ஆச்சு. அதனால கீமோவும் தள்ளிப்போச்சு, தள்ளிப்போனதுல உள்ள ஏதாவது பரவியிருக்குமோன்னு ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடப்பேன். இப்படியெல்லாம் ஆகலாம்னு யாராவது முன்னாடியே உக்கார வச்சுச் சொல்லியிருக்கலாம், ஒரு தாளைக் கொடுத்து கையெழுத்து மட்டும்தான் வாங்கினாங்க.

அதெல்லாம் தாண்டி கீமோ, ரேடியேஷன் முடிச்சு, கேன்சர் திரும்ப வராம இருக்கக் கொடுக்கற டமாக்சிஃபன் மாத்திரை ஆரம்பிச்சு, சரி பொழைச்சோம்னு நினைச்ச நேரத்துல, ஆபரேஷன் ஆகி 14 மாசம் கழிச்சு கை வீங்க ஆரம்பிச்சிடுச்சு. வளையல் ஏறல. சாயங்காலம் ஆனா கை கல்லு மாதிரி கனக்குது. மாமியார் சொல்றாங்க, நான் ஈரத்துணியெல்லாம் மூங்கில் கம்புல கோத்து ஜன்னலுக்கு வெளிய தூக்கித் தூக்கிப் போட்டதாலதான் இப்படி ஆச்சாம். எனக்கும் அப்படித்தான் தோணுது, பணிப்பெண் வேணாம் நானே பார்த்துக்கறேன்னு வீம்பு பிடிச்சவ நான்தானே.

இன்னொண்ணு, சொன்னா பைத்தியம்னு நினைப்பீங்களோ என்னமோ. இல்லாத மார்பு அரிக்குது மேடம். சொறியலாம்னு கை வச்சா அங்க வெறும் எலும்புதான் இருக்கு.

அவரு நல்லவர்தான். எல்லா அப்பாயின்மென்டுக்கும் லீவு போட்டு வந்தாரு. ஆனா ஒருநாள் நர்ஸ் கட்டைப் பிரிக்கும்போது அந்தக் குழியைப் பார்த்துட்டு முகம் வெளுத்துப் போய் வெளிய போனவர்தான், அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் நான் உடுப்பு மாத்தும்போது அந்தப் பக்கமே திரும்பறதில்ல. நானும் பொண்ணு ரூம்ல படுத்துக்கறேன். பிரா உள்ள கைக்குட்டையை மடிச்சு வச்சுக்கிட்டு வேலைக்குப் போறேன். கண்ணாடி முன்னாடி நின்னு எத்தனையோ மாசம் ஆச்சு. ஊர்ல அம்மாகிட்ட இன்னும் சொல்லவே இல்ல.

எல்லாரும் "அதான் எல்லாம் முடிஞ்சிடுச்சே"ங்கறாங்க. எனக்கு முடியலயே. சில ராத்திரி, இதுக்கு அப்பவே போய்ச் சேர்ந்திருக்கலாமேன்னு தோணுது. இப்படி நினைக்கிறது பாவம்தானே? நன்றி கெட்டவளா நான்?

*

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியா எழுதின வரியைத்தான் நான் முதல்ல எடுத்துக்கறேன். போய்ச் சேர்ந்திருக்கலாமேன்னு தோணுறது பாவம் இல்ல, ஆனா அதைத் தனியா சுமந்துக்கிட்டுப் படுக்கக் கூடாது. அடுத்த தடவை அந்த ராத்திரி வந்தா, முக்கியமா "எப்படி"ன்னு மனசு யோசிக்க ஆரம்பிச்சா, 1767க்கு அடிங்க, தற்கொலை எண்ணம் வர்றவங்களுக்கு உதவற எஸ்ஓஎஸ் அமைப்போட நம்பர், 24 மணி நேரமும் ஆள் இருப்பாங்க. உங்க பொண்ணு பக்கத்துலதான் படுத்திருக்கா, ஆனா அந்தப் பாரத்தை அவகிட்ட இறக்க வேண்டாம், வீட்டுக்காரரை எழுப்புங்க. அடுத்த தடவை கேன்சர் டாக்டரைப் பார்க்கும்போது இந்த வரியை அப்படியே சொல்லுங்க. மனச்சோர்வுக்கு மாத்திரை தேவைப்பட்டா எழுதித் தருவாங்க, வேற டாக்டர்கிட்ட போனீங்கன்னா டமாக்சிஃபன் சாப்பிடறேன்னு கட்டாயம் சொல்லணும், ஏன்னா பாராக்செட்டின், ஃபுளுவாக்செட்டின் மாதிரி சில மாத்திரைங்க, டமாக்சிஃபன் உடம்புல வேலை செய்யறதையே தடுக்கும். அந்தப் பிரச்சினை இல்லாத மாத்திரைகளும் இருக்கு, அதனால பயப்பட வேண்டாம்.

இப்ப ரவிக்கைக்கு வரேன். உங்க மாமியார் கேட்டாங்களே, ஒரு ரவிக்கைக்கா அழறன்னு. ஆமா, ரவிக்கைக்குத்தான் அழுதீங்க, அது சரியான அழுகைதான். ஆபரேஷனுக்கு ஒரு தேதி இருந்துச்சு, அன்னிக்கு எல்லாரும் கூட வந்தாங்க, பழம் வாங்கிட்டு வந்தாங்க, கோயில்ல அர்ச்சனை பண்ணாங்க. தண்ணி கட்டினதுக்கும், காயம் திறந்து கிடந்த ஆறு வாரத்துக்கும், கை வீங்கினதுக்கும் யாரும் பழத்தோட வரல. நீங்களும் அப்ப அழ நேரமில்லாம அடுத்த ஊசி, அடுத்த கட்டு, அடுத்த கீமோன்னு ஓடிக்கிட்டே இருந்தீங்க. அழாம வச்சிருந்ததெல்லாம் அந்தக் கை முழங்கையில சிக்கின நேரத்துல வந்துச்சு. சாவு வீட்டுல ஓடியாடி வேலை பார்த்தவங்க, பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிஞ்சு வீடு காலியானப்புறம் ஒரு செருப்பைப் பார்த்துட்டு உடைஞ்சு அழுவாங்களே, அது மாதிரிதான். பொழைச்சதுக்கு நன்றியும், போனதுக்குத் துக்கமும் ஒரே மனசுல இருக்கும், ஒண்ணு இருந்தா இன்னொண்ணு பொய்யாகிடாது.

மூங்கில் கம்பு விஷயத்துல நான் கொஞ்சம் அழுத்தமாவே சொல்றேன். உங்க கை வீங்கினது துணி காயப்போட்டதால இல்ல. அக்குள்ல இருக்கற நெறிக்கட்டிங்கதான் கையில இருந்து வர்ற நிணநீரை வாங்கி அனுப்புற வழி. அதை எடுத்தாச்சு, அதுமேல ரேடியேஷனும் கொடுத்தாச்சு, வழி குறுகிப்போச்சு, நீர் தேங்குது. இதுக்கு லிம்ஃபெடீமான்னு பேரு, சில பேருக்கு மாசக் கணக்குல கழிச்சு வரும், சில பேருக்கு வருஷக் கணக்குல கழிச்சுக்கூட வரும். கனம் தூக்கவே கூடாதுன்னு முன்னாடியெல்லாம் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாங்க, 2009ல அமெரிக்காவுல ஏற்கெனவே கை வீங்கின 141 பெண்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, பயிற்சியாளரோட மெதுமெதுவா எடை கூட்டித் தூக்கினவங்களுக்கு வீக்கம் அதிகமாகல, சொல்லப்போனா வீக்கம் திடீர்னு மோசமாகறது அவங்களுக்குக் குறைவாத்தான் இருந்துச்சு. அதுக்காக நாளைக்கே அரிசி மூட்டையைத் தூக்காதீங்க, பழக்கிப் பழக்கித்தான் தூக்கணும். ஆனா குற்றவாளி நீங்க இல்ல. தண்ணி கட்டினதும் அப்படித்தான், மார்பை எடுத்த இடத்துல காலியான பகுதியில நீர் சேர்றது இந்த ஆபரேஷன்ல ரொம்ப சகஜம். அதை யாரும் முன்னாடியே உக்கார வச்சுச் சொல்லலன்னு எழுதியிருக்கீங்க, அந்தக் கோபம் நியாயமானது, நான் அதைத் தணிக்கப் போறதில்ல.

கீமோ தள்ளிப்போன பயத்தை மட்டும் நான் பதில் சொல்லித் தீர்க்க முடியாது, தீர்க்கவும் கூடாது, அது உங்க டாக்டர் உங்க ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்லவேண்டியது. ஒரு தாள்ல எழுதிட்டுப் போய் நேராவே கேளுங்க. கேட்காம வச்சிருக்கற கேள்விதான் ராத்திரி முழிக்க வைக்குது.

இல்லாத மார்பு அரிக்கறது பைத்தியம் இல்ல. கால் எடுத்தவங்களுக்குப் போன காலு வலிக்கும்னு கேள்விப்பட்டிருப்பீங்க, மார்பு எடுத்தவங்களுக்கும் அந்த உணர்வு வரும், வெளிய சொல்றதுக்கு வெக்கப்படறாங்க அவ்வளவுதான். மூளை இன்னும் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கல. மேல்கையோட உள்பக்கம் மரத்துப்போன மாதிரி இருந்தா அதுவும் ஆபரேஷனால வர்றதுதான், நெறிக்கட்டி எடுக்கும்போது அந்த வழியா வர்ற ஒரு தோல் நரம்பு அடிபடறதுண்டு.

கை வீக்கத்துக்கு நீங்க வைத்தியம் ஏதும் பார்க்கறதா எழுதலையே, அதுதான் எனக்குக் கவலையா இருக்கு. லிம்ஃபெடீமா பார்க்கற பிசியோதெரபிஸ்ட்கிட்ட அனுப்பச் சொல்லி டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க. கட்டு போட்டு, மென்மையா தடவி நீரை நகர்த்தி, வீக்கத்தைக் கொஞ்சம் குறைச்சு, அப்புறம் கைக்கு அளவெடுத்து இறுக்கமா ஒரு ஸ்லீவ் கொடுப்பாங்க, பகல்ல போட்டுக்கணும். முழுசா போகும்னு நான் சொல்லமாட்டேன், கட்டுக்குள்ள வைக்க முடியும். கொசு கடிச்சதோ கத்தி கீறினதோ அந்தக் கையில எதையும் அலட்சியமா விடாதீங்க. கை சிவந்து, சூடாகி, காய்ச்சல் அடிச்சா காலைல பார்த்துக்கலாம்னு படுக்காம அப்பவே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போயிடுங்க. கைக்குட்டைக்குப் பதிலா அளவெடுத்து வாங்குற சிலிக்கான் மார்பு இருக்கு, ரெண்டு பக்கமும் எடை சமமானா தோள்பட்டைக்கும் கொஞ்சம் ஆறுதல்.

உங்க வீட்டுக்காரரைப் பத்தி. அவரு முகம் வெளுத்ததை நீங்க அருவருப்புன்னு படிச்சிருக்கீங்க. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, அவருகிட்ட நீங்க கேட்கவே இல்ல. பொண்டாட்டி உடம்புல ஒரு குழியைப் பார்த்த மனுஷனுக்குப் பயத்துலயும் முகம் வெளுக்கும். நீங்க உடுப்பு மாத்தும்போது அவரு திரும்பாம இருக்கறது உங்களுக்கு வெக்கமா இருக்கும்னு நினைச்சுக்கூட இருக்கலாம், நீங்க பொண்ணு ரூமுக்குப் போனதை அவரு "என்னைக் கிட்ட சேர்க்கல"ன்னு படிச்சிருக்கலாம். இந்த மாதிரி ஆளுக்கொரு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்த நிறைய பேரைப் பார்த்திருக்கேன். "என்னைப் பிடிக்கலையா"ன்னு கேட்டா அவரு "சேச்சே"ன்னுதான் சொல்வாரு, அதுல ஒண்ணும் தெரியாது. "அன்னிக்குக் கட்டைப் பிரிச்சப்ப வெளிய போனீங்களே, அப்ப என்ன நினைச்சீங்க"ன்னு அந்த ஒரு நாளைப் பத்தி மட்டும் கேளுங்க. கேட்டுட்டு அவரு பேசற வரைக்கும் சும்மா இருங்க. பதில் வலிக்கறதா இருந்தா அதோட ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க, பேசுவோம்.

அந்த ஸ்லீவ் கைக்கு வந்ததும் ஒண்ணு புரியும், ஒத்தைக் கையால அதை ஏத்தறது பெரிய பாடு, ரப்பர் கிளவுஸ் போட்டுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா மேல நகர்த்தணும். அவரு ஷிப்ட் இல்லாத காலையில அவரை ஏத்தி விடச் சொல்லுங்க. தழும்பைக் காட்டணும்னு இல்ல, கையை மட்டும் கொடுங்க. ரெண்டு வருஷமா தொடாத ரெண்டு பேருக்கு அது போதுமான ஆரம்பம்.

அம்மாகிட்ட சொல்றதை நீங்க முடிவு பண்ணுங்க, ஆனா கல்யாணத்துக்கு வர்ற ஊர்க்காரங்க யாராவது அவங்களுக்குப் போன்ல சொல்றதுக்கு முன்னாடி உங்க குரல்ல கேட்கறது நல்லதுன்னு எனக்குத் தோணுது. இதையெல்லாம் தாண்டி வந்தவங்களோட பேசணும்னா சிங்கப்பூர் புற்றுநோய் சங்கம் இருக்கு, 1997ல ஆரம்பிச்ச பிரெஸ்ட் கேன்சர் ஃபவுண்டேஷனும் இருக்கு, தமிழ்ல பேச ஆள் வேணும்னு கூச்சப்படாம கேளுங்க.

கிழிஞ்ச ரவிக்கையைத் தூக்கி எடுத்து வச்சிடுங்க. புதுசா ஒண்ணு தைக்கக் கொடுங்க, தேக்காவுல வழக்கமா தைக்கறவங்ககிட்டயே போங்க, இடது கைக்குத் தனி அளவு, முக்கால் கை, அக்குள்ல ஒரு துண்டு சேர்த்து லூசா வைக்கச் சொல்லுங்க. ஸ்லீவ் அதுக்குள்ள கிடைச்சிட்டா அதைப் போட்டுக்கிட்டே அளவு கொடுங்க. சாயங்காலமா போங்க, கை அப்பத்தான் முழு அளவுல இருக்கும்.