பி.எட். கல்லூரியில் எதைப் பார்த்துச் சேர்வது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து பி.எட். பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

மகளை பி.எட். சேர்க்க வேண்டும். ஒரு கல்லூரி "என்.சி.டி.இ. அங்கீகாரம்" என்கிறது, இன்னொன்று "நாக் ஏ கிரேடு" என்கிறது. எதை நம்புவது? (காவேரிப்பட்டினம்)

முதலில், ஆசிரியர் கல்விக்கான மத்திய அமைப்பான என்.சி.டி.இ.யின் அங்கீகாரத்தைப் பாருங்கள். 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது இல்லாத இடத்தில் படித்த பி.எட். அரசு வேலைக்குச் செல்லாது. அப்புறம் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகார ஆணையையே கேட்டு வாங்கிப் படியுங்கள். எத்தனை இடங்களுக்கு அனுமதி என்பது அதில் இருக்கும். ஒரு யூனிட் என்றால் 50 பேர்.

நாக் என்பது கல்லூரிகளின் தரத்தை மதிப்பிட்டு கிரேடு தரும் தேசிய அமைப்பு. இதுவரையிலான முறையில் 4-க்கு 3.01 முதல் 3.25 வரை பெற்றால் ஏ. கிரேடு பொதுவாக 5 ஆண்டுகள் செல்லும், ஆகவே எந்த ஆண்டு வாங்கியது என்று கேளுங்கள். ஒரே அறக்கட்டளை கலைக் கல்லூரியும் பி.எட். கல்லூரியும் நடத்தினால், சான்றிதழில் எந்தக் கல்லூரியின் பெயர் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பக்கத்துக் கல்லூரி வாங்கிய கிரேடு பி.எட்.டுக்குப் பொருந்தாது.

ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறேன். வெளிமாநிலக் கல்லூரியில் வகுப்புக்கே போகாமல் பி.எட். முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். சேரலாமா? (ஓசூர்)

வேண்டாம் தம்பி. ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், வகுப்பில் 80 சதவீத வருகை, பள்ளிப் பயிற்சியில் 90 சதவீத வருகை என்று என்.சி.டி.இ.யின் 2014 விதிமுறைகள் சொல்கின்றன. போகாத நாளுக்கு வருகை போட்டால் அது பொய் ஆவணம். நாளைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பில், ஷிப்டில் இருந்த அதே நாட்களில் கல்லூரியிலும் எப்படி இருந்தீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. தொலைநிலை பி.எட். ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கானது. உங்களுக்கு அது பொருந்துமா என்று பாருங்கள்.

பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டீச்சிங் பிராக்டிஸ் போன பள்ளியில் ஆசிரியர் வராத வகுப்புக்கெல்லாம் என்னை அனுப்புகிறார்கள். கல்லூரியிலிருந்து ஒருமுறைதான் வந்து பார்த்தார்கள். இதுதான் முறையா? (பென்னாகரம்)

இல்லை. வந்த கேள்விகளிலேயே இதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். ஒரு பி.எட். கல்லூரியின் தரம் அதன் கட்டடத்தைவிட இந்தப் பயிற்சியில்தான் தெரியும்.

2014 விதிமுறைகளால் படிப்பு இரண்டு ஆண்டாக நீண்டதே பள்ளியில் கூடுதல் காலம் இருக்கத்தான். முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம், ஆக 20 வாரம். அதில் முதலில் மூத்த ஆசிரியரின் வகுப்பில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். பிறகு நீங்கள் நடத்த, வழிகாட்டி ஆசிரியர் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முடிந்ததும் இருவரும் அதைப் பற்றிப் பேச வேண்டும். சும்மா இருக்கும் வகுப்பைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்வது பயிற்சி ஆகாது.

ஆள் பற்றாத பள்ளியின் தலைமையாசிரியரை மட்டும் குறை சொல்ல முடியாது. பொறுப்பு கல்லூரியுடையது. ஏரியூர், வத்தல்மலைப் பக்கம் ஒருவர், அரூரில் ஒருவர் என்று சிதறவிட்டால் எந்த மேற்பார்வையாளராலும் சுற்றிவர முடியாது. ஒரே பஸ் தடத்தில் உள்ள பள்ளிகளில் நாலைந்து பேராகப் போட்டால், ஒருவர் காலையில் வந்து மாலைவரை இருந்து எல்லாரையும் பார்த்துவிடலாம்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு லெசன் பிளானின் கீழும் வழிகாட்டி ஆசிரியரிடம் இரண்டு வரி எழுதி வாங்குங்கள். "நன்று" என்ற ஒற்றைச் சொல் போதாது. "சரிவகத்தின் பரப்பளவுக்குச் சூத்திரம் எழுதினீர்கள், ஆனால் கடைசி பெஞ்சில் பலருக்கு இணைப்பக்கம் எது என்றே தெரியவில்லை" என்பது போல இருக்க வேண்டும். இப்படி எழுதி வாங்கிய நோட்டோடு முதல்வரைப் போய்ப் பாருங்கள். தனியாகப் போகாமல் நாலு பேராகப் போங்கள்.

படித்துக்கொண்டிருக்கும்போதே கல்லூரியின் அங்கீகாரம் ரத்தானால் என்ன ஆகும்? (அரூர்)

ரத்து உடனே நடைமுறைக்கு வராது. ஆணை தெரிவிக்கப்பட்டதற்கு அடுத்த கல்வியாண்டின் முடிவிலிருந்துதான் செல்லும். ஆணையின் தேதியை உறுதி செய்துகொண்டு, பல்கலைக்கழகத்துக்கு எழுத்தில் கேளுங்கள்.

எங்கள் பி.எட். கல்லூரியில் நாக் மதிப்பீட்டுக்கான வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எங்கே தொடங்குவது? (கிருஷ்ணகிரி)

பழைய தேதி போட்டுக் கூட்ட மினிட்ஸ் எழுதும் வேலையை மட்டும் ஏற்காதீர்கள். யார் வற்புறுத்தினாலும் மறுத்துவிடுங்கள். உண்மையில் நடந்ததிலிருந்து தொடங்குங்கள்: பயிற்சிப் பள்ளித் தலைமையாசிரியர்களிடம் உங்கள் மாணவர்களைப் பற்றி எழுத்தில் கருத்துக் கேளுங்கள், முடித்துப் போனவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று திரட்டுங்கள். தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த உங்கள் மாணவர்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்பதையும் பதிவு செய்யுங்கள். இந்த மாவட்டத்தில் ஆசிரியராகப் போகிறவருக்கு அது அவசியத் தேவை. மாணவர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் இப்போதே சரிபார்த்து வையுங்கள், மாணவர் திருப்திக் கணக்கெடுப்பை நாக் நேரடியாக அவர்களுக்கே அனுப்பும்.