ஏற்காட்டுப் பக்கம் ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தைக் காப்பாற்ற எங்கிருந்து தொடங்குவது?

புதர் மண்டிய கல்லறைத் தோட்டம் ஒன்றைச் சுத்தம் செய்ய நண்பர்களோடு கிளம்பியிருக்கிறீர்கள். எதை முதலில் செய்வது என்று கேட்கிறீர்கள். முதல் நாள் அரிவாளும் பிரஷ்ஷும் வீட்டிலேயே இருக்கட்டும். நோட்டும் கேமராவும் போதும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சேர்வராயன் மலையில் மூன்று தலைமுறையாகக் காப்பித் தோட்டத்தில் உழைத்த குடும்பம் எங்களுடையது. அங்கிருந்த சிறிய கல்லறைத் தோட்டத்தில், சிறு வயதில் நான் எழுத்துக்கூட்டிப் படித்த வெள்ளைப் பளிங்குக் கல் ஒன்று உண்டு. ஒரு குழந்தையின் கல். வயது மாதக் கணக்கில் இருந்தது. பிற்பாடு யாரோ நல்லெண்ணத்தோடு ஆசிட் ஊற்றித் தேய்த்துவிட்டார்கள். கல் பளிச்சென்று ஆனது, பெயர் போய்விட்டது. இப்போது விரலால் தடவினால் ஓர் எழுத்தின் வளைவு மட்டும் தட்டுப்படுகிறது. அதன் படம் ஒன்றுகூட யாரிடமும் இல்லை.

பளிங்கு சுண்ணாம்பு இனம். அமிலம் பட்டால் நுரைத்துக் கரையும். நம் மலையின் சார்னக்கைட் அதைவிடக் கெட்டி. (அந்தப் பெயரே கல்லறையிலிருந்து வந்ததுதான்: கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை என்பதால் நிலவியலாளர் ஹாலண்ட் அப்படிப் பெயரிட்டார்.) எந்தக் கல்லானாலும் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும், கம்பி பிரஷ் கூடாது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய மேடைக்குச் சிமெண்ட் பூசாதீர்கள். ஈரம் உள்ளேயே தங்கி விரிசல் விடும். இடுக்கில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கினால் கல்லும் பெயர்ந்து வரும், கல்லை ஒட்டி அறுத்துவிடுங்கள்.

மங்கிய எழுத்தைப் படிக்கக் காலை இளவெயில்தான் சரி. பக்கவாட்டில் விழும் ஒளியில் பள்ளங்கள் நிழல் கட்டும். மரநிழலில் இருக்கும் கல்லுக்கு ஒரு முகக்கண்ணாடியால் வெயிலைத் திருப்பிவிடுங்கள். வரி வரியாக, பிழை இருந்தால் பிழையோடு எழுதுங்கள். தெரியாத எழுத்துக்கு இடம் விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். ஒவ்வொரு கல்லுக்கும் எண் கொடுத்து வரைபடத்தில் குறியுங்கள். ஜூலியன் காட்டன் தொகுத்த சென்னை மாகாணக் கல்லறைப் பொறிப்புப் பட்டியல் 1905இல் வெளிவந்தது. உங்கள் கல் அதில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிலம் யாருடையது என்பதை வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் சர்வே எண்ணை வைத்துப் பார்க்கலாம். பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மயானப் புறம்போக்கு என்றால் கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

காட்டனின் பட்டியல் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களைத்தான் தேடியது. காடு திருத்தி, காப்பிச் செடி நட்டவர்களுக்குத் தலைமாட்டில் ஒரு காட்டுக்கல்தான். எழுத்து இல்லாததால் சுத்தம் செய்ய வருகிறவர்கள் அதைச் சும்மா கல் என்று ஓரமாகக் குவித்துவிடுகிறார்கள். பல்லாவரத்தில் 1863இல் கிடைத்த ஒரு கல்லைக் கற்கால மனிதனின் கருவி என்று கண்டுகொண்ட ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவுக்கல் ஏற்காட்டுத் தேவாலயத்தில்தான் இருக்கிறது. அந்தக் கண்ணோடு தரையைப் பாருங்கள். தோட்டத்தில் வேலை பார்த்த முதியவர்களைக் கைப்பிடித்து அழைத்துப் போய்க் கேளுங்கள், அவர்கள் இருக்கும்போதே.

என் பாட்டி அப்படித்தான் சில்வர் ஓக் மரத்தடியில் இரண்டு கற்களைக் காட்டினார். "இது எங்க அப்பா, அது அண்ணன்" என்றார். என் நோட்டில் அவை 41, 42. பெயர்களைப் பாட்டி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.