பெயிண்ட் உரிவது பிள்ளைகளின் தப்பு அல்ல

படிப்பகத்தைப் புதுப்பிக்க வந்த இளைஞர்கள் அடித்த பெயிண்ட் மூன்றே வாரத்தில் கொப்பளித்து உரிகிறது, அவர்கள் சோர்ந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கைவேலையில் குறை இருப்பதாகத் தோன்றவில்லை. பூச்சு முடிந்து பத்தாம் நாளே பெயிண்ட் அடித்திருக்கிறீர்கள். புதுச் சிமெண்ட் பூச்சு காய வழக்கமாக 28 நாளாவது விடுவார்கள்; உள்ளே ஈரம் இருந்தால் பெயிண்ட் உரியும்.

ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒருநாள் விடுங்கள். உள்பக்கம் முத்துமுத்தாக நீர் கோத்தால் சுவர் இன்னும் ஈரம்தான். இதை அவர்களையே செய்யச் சொல்லுங்கள். நான் பத்து முறை சொல்லியும் எங்கள் பசங்களுக்கு ஏறாதது, அந்தத் தாளைப் பார்த்ததும் ஏறியது.

சுவர் காய்ந்ததும் உரிந்த பெயிண்டை முகக்கவசம் போட்டுச் சுரண்டட்டும். வெள்ளையாகப் பூத்த உப்பை உலர்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள், தண்ணீர் வேண்டாம். பிறகு பிரைமர் எனும் அடிப்பூச்சு, அப்புறம்தான் பெயிண்ட். மாதம் கடந்தும் ஈரம் போகவில்லையா? கூரையோ குழாயோ ஒழுகுகிறதா என்று பாருங்கள்.