சீவிய உரித்து இருந்தால் அம்மாவை வீட்டிலிருந்து எழுப்ப முடியாது

அம்மா கொக்குவில் வீட்டை நன்கொடை உறுதியில் உங்கள் அண்ணாவுக்கு எழுதிக்கொடுத்தார், இப்போது கனடாவில் உள்ள அண்ணா அதை விற்று அம்மாவை எழுப்பப் போவதாகச் சொல்கிறார், செலவுக்குக் காசும் அனுப்புவதில்லை என்று கேட்டிருந்தீர்கள். அண்ணா வீட்டை விற்றாலும், அந்த உறுதியில் அம்மாவுக்குச் சீவிய உரித்து, அதாவது உயிரோடு இருக்கும்வரை அங்கே இருக்கும் உரிமை, வைக்கப்பட்டிருந்தால், அந்த வீட்டில் அவர் கடைசிவரை இருக்கலாம். வாங்குபவரும் அதை மீற முடியாது.

அண்ணா இவ்வளவு துணிவாகப் பேசுவதைப் பார்த்தால், ஒன்றில் அந்த வரி உறுதியில் இல்லை, அல்லது பிறகு அந்த உரித்தை விட்டுக்கொடுப்பதாக அம்மாவிடம் இன்னொரு கையொப்பம் வாங்கியிருக்கிறார்கள். "வங்கி அலுவல்" என்று நீட்டிய தாளில் வயதானவர்கள் வாசிக்காமலே ஒப்பம் வைப்பதைக் கண்டிருக்கிறேன், மனம் பொறுக்காது.

1. உறுதியில் "நன்கொடையாளர் தமது சீவிய உரித்தை வைத்துக்கொண்டு" என்ற மாதிரி வரி இருக்கிறதா என்று பாருங்கள்.
2. யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவேட்டைத் தேடிப் பாருங்கள். உரித்தை விட்டுக்கொடுத்த உறுதி பதிந்திருந்தால் அங்கே தெரியும்.

வரி இல்லையென்றால் சட்டத்தரணியிடம் உடனே போங்கள். நன்றிகெட்ட நடத்தைக்காக நன்கொடையை இரத்துச் செய்ய 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும்.

செலவுக்குக் காசு அனுப்பாதது வேறு விடயம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டப்படி பெற்றோருக்குப் பணம் கொடுக்கும்படி பிள்ளைகளுக்குக் கட்டளையிடும் பராமரிப்புச் சபைக்கு அம்மா விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை உத்தியோகத்தரைக் கேளுங்கள். வெளிநாட்டில் இருப்பவரிடம் கட்டளையை நிறைவேற்றுவது மட்டும் இலேசு இல்லை.

அதுவரை அம்மா எதிலும் கையொப்பம் வைக்க வேண்டாம்.