வட்டார வரலாற்று அருங்காட்சியகம்: அரை நாளில் எதைப் பார்ப்பது?

கேள்வி: அடுத்த மாதம் அம்மாவின் பூர்வீக ஊர்ப் பக்கம் போகிறோம். அங்குள்ள வட்டார வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்கியிருக்கிறேன். கூட வருபவர்கள் 9 வயது மகளும், முழங்கால் வலி உள்ள அம்மாவும். இதற்கு முன் போன இடங்களில் எல்லாக் கூடங்களையும் சுற்றி வந்தும் எதுவும் மனதில் தங்கவில்லை. இந்த முறை எப்படித் திட்டமிடலாம்? வீட்டிலுள்ள பழைய கடிதங்களை அங்கே காட்டி விவரம் கேட்க முடியுமா?

பதில்: ஒன்று விடாமல் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்புவதால்தான் ஒன்றும் தங்குவதில்லை. இந்த முறை ஒரே ஒரு கேள்வியோடு போங்கள். அது உங்கள் கையிலேயே இருக்கிறது: அம்மாவின் முன்னோர் காலத்தில் அந்தப் பகுதி மக்கள் என்ன தொழில் செய்து பிழைத்தார்கள்? பெரிய தேசிய அருங்காட்சியகங்களுக்குப் பொருள்கள் எங்கெங்கிருந்தோ வந்து சேர்கின்றன. வட்டார அருங்காட்சியகத்தில் இருப்பவையோ பெரும்பாலும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் தோண்டி எடுத்தவை, அங்குள்ள வீடுகளிலிருந்து கொடுத்தவை. அதனால் இப்படிப்பட்ட கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. கேள்வியோடு ஒட்டிய ஏழெட்டுப் பொருள்களை நின்று பாருங்கள். மற்றவற்றைத் தாண்டிப் போவதில் தவறே இல்லை.

புறப்படும் முன் தொலைபேசியில் பேசிவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை இருக்கும். பல இடங்களில் அது திங்கள். மூடும் நேரத்துக்கு முன்பே டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள் என்பதால் கடைசி நுழைவு நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். லிஃப்ட், சக்கர நாற்காலி உண்டா, பராமரிப்புக்காக எந்தக் கூடமாவது மூடியிருக்கிறதா, பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வரும் நேரம் எது என்பதையும் விசாரியுங்கள்.

துணி, ஓலைச்சுவடி, வரைபடம், பழைய புகைப்படம் போன்ற ஏதாவது ஒன்றைப் பார்ப்பதற்காகவே போவதாக இருந்தால், அது இப்போது காட்சியில் இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒளி பட்டு மங்கிய சாயம் மீளாது. அதனால் இவற்றைச் சில காலம் வைத்துவிட்டு இருட்டறைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காட்சியில் இருக்கும்போதும் வெளிச்சம் மங்கலாக, சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில்தான் இருக்கும். வெயிலிலிருந்து உள்ளே வருபவருக்கு முதலில் எதுவும் தெளிவாகத் தெரியாது. வயதான கண்களுக்கு இன்னும் நேரம் பிடிக்கும். வாசலருகே அம்மாவைச் சில நிமிடம் உட்காரவைத்துவிட்டுப் பிறகு உள்ளே அழைத்துப் போங்கள். போன் டார்ச், ஃபிளாஷ் இரண்டும் வேண்டாம்.

அருங்காட்சியகத்தில் சீக்கிரம் களைத்துப்போவது வயதால் மட்டும் வருவதல்ல. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், பேழைகளில் உள்ளதைப் பார்க்கவும் படிக்கவும் ஒருவர் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படங்களாகவே எடுத்து 1916இல் வெளியிட்டார். குனிந்து, நிமிர்ந்து, நின்று, நகர்ந்தே உடல் சோர்ந்துவிடுகிறது. ஆகவே தாழ்வான பேழைகளின் விளக்க அட்டைகளை மகள் உரக்கப் படிக்கட்டும், அம்மா உட்கார்ந்து கேட்கட்டும். முக்கியமான கூடத்தை முதல் ஒரு மணி நேரத்திலேயே பார்த்துவிடுங்கள். ஆடியோ கைடை உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்ல மாட்டேன். காதில் மாட்டிக்கொண்டால் மூவரும் மூன்று பக்கம் போய்விடுவீர்கள். அம்மாவுக்கு நினைவு வருவதை மகளால் கேட்க முடியாது.

எப்படிப் பார்ப்பது என்பதற்கு ஒரு மண்பானையை எடுத்துக்கொள்வோம். வாய் வழியே உள்பக்கத்தைப் பாருங்கள். விரல் ஓடிய கோடுகள் சீராகச் சுற்றிப் போனால் அது சக்கரத்தில் வனைந்தது. அடியில் கரி படிந்திருந்தால் அடுப்பில் ஏறியதாக இருக்கலாம். ஓரிடத்தில் மட்டும் நிறம் சற்று மாறி வழவழப்பாக இருக்கிறதா? உடைந்த துண்டுகளை ஒட்டும்போது இல்லாமல்போன பகுதியை நிரப்பியிருக்கிறார்கள். எது பழையது, எது புதியது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பதால் அந்த வேறுபாட்டை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். அந்த இடத்தைத் தேடும் வேலையை மகளிடம் கொடுங்கள்; நகரவே மாட்டாள்.

விளக்க அட்டையில் காலத்தைவிட முதலில் படிக்க வேண்டியது கிடைத்த இடம். எங்கே, எந்த ஆழத்தில், எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்பது தெரியாவிட்டால் எவ்வளவு அழகான பொருளும் வரலாற்றாய்வுக்குப் பாதிதான் உதவும். பொருளின் ஓரத்திலோ அட்டையிலோ சிறிய எண் தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அது பதிவெண், பல இடங்களில் அதன் முதல் பகுதி, பொருள் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்த ஆண்டைக் குறிக்கும். பின்னால் சந்தேகம் எழுந்தால் அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ‘மூன்றாவது கூடத்தில் இருந்த பானை’ என்றால் அவர்களால் தேட முடியாது.

இனி கடிதங்கள். தாராளமாகக் கேட்கலாம், ஆனால் திடுதிப்பென்று போய் நிற்காதீர்கள். அருங்காட்சியகப் பொருள்களுக்குப் பொறுப்பாளரான காப்பாட்சியருக்கு முன்கூட்டியே எழுதி நேரம் வாங்குங்கள். அசல்களை வீட்டிலேயே வைத்துவிட்டு, இரு பக்கமும் தெளிவாகப் படமெடுத்து எடுத்துப் போங்கள். உறையையும் படமெடுங்கள், கடிதத்தில் தேதி இல்லாவிட்டாலும் அஞ்சல் முத்திரை ஊரையும் நாளையும் காட்டிக் கொடுக்கும். கிழிசலில் செல்லோ டேப் ஒட்டுவதும் லேமினேட் செய்வதும் காகிதத்தைக் கெடுக்கும். கடிதங்களில் வரும் பெயர்கள் யார், என்ன உறவு என்று அம்மாவிடம் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள். அது எந்தக் காப்பாட்சியருக்கும் தெரியாத விவரம். விலை மட்டும் கேட்க வேண்டாம். சந்தை மதிப்புச் சொல்வதைப் பொதுவாக அருங்காட்சியகங்கள் தவிர்த்துவிடும்.